பதினோரு டன் தவளைக்கால்

அந்தக் காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தபோது சிவசங்கரனுக்கு வாய் கசந்தது. பதினான்கு வருஷம் வருமான வரி இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து, இந்த மாதிரிக் காகிதங்களை நாளுக்கு நாற்பது என்று படித்து, ஒரு மத்தியானம் வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர் அவர். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு குடோனின் மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டி ஐந்து வருஷம் ஆகிறது. விட்டுத் தொலைத்தோம் என்று நினைத்த சனியன், 1979 அக்டோபர் ஐந்தாம் தேதி காலை, ஒரு பெண்ணின் பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து மாடியேறி வந்துவிட்டது.

கூடைக்காரி பெயர் வீரலட்சுமி. கோவில்பட்டிப் பக்கம். கணவன் இசக்கிமுத்து, யூதர் தெருவான ஜூ டவுனில் ஐந்து குடோன்களுக்குச் சொந்தக்காரரான ராசப்பனிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தவன். பத்து நாளாக சப்-ஜெயிலில் இருக்கிறான். முதலாளியின் குளிர்பதன அறைக்கு வைத்திருந்த டீசலைத் திருடி விற்று, கரண்ட் போனபோது ஜெனரேட்டரை ஓட்டாமல் விட்டு, உள்ளே இருந்த சரக்கு முழுவதையும் அழுக வைத்தான் என்பது புகார்.

"என்ன சரக்கு?" என்று கேட்டாள் லதீஃபா.

லதீஃபா, சிவசங்கரனின் டைப்பிஸ்ட், கணக்குப்பிள்ளை, உதவியாளர் எல்லாம். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். வயது முப்பத்தைந்து. டைப்ரைட்டரைவிட வாய் வேகம்.

"தவளைக்கால்" என்றார் சிவசங்கரன். "பதினோரு டன்."

"அல்லா. காலையில புட்டு தின்னது தப்பாப் போச்சு சாரே."

அப்போது கொச்சியிலிருந்து தவளைக்கால் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆச்சரியம் அந்தக் காகிதத்தில் இருந்தது. அது ராசப்பன் வருமான வரி ஆபீசருக்கு எழுதிய பதில் கடிதத்தின் நகல். சரக்கின் மதிப்புக்கு ஆதாரமாக அவருடைய வக்கீலே அதைக் கோர்ட்டில் சேர்த்திருந்தார். வீரலட்சுமிக்காக இலவசமாக வாதாட வந்த வக்கீல் ஒரு நகல் வாங்கிக் கொடுத்திருந்தார்.

வீரலட்சுமிக்குப் புரியும்படி சிவசங்கரன் சொன்னார். ராசப்பனுக்குக் குடோன் வாடகையாக வருஷத்துக்கு நல்ல வரும்படி உண்டு. அதற்குப் பெரிய வரி கட்டவேண்டும். ஆனால் போன கணக்கு வருஷத்தில் அவர் தனி ஆளாகத் தவளைக்கால் வியாபாரமும் செய்தாராம். அதில் பெருத்த நஷ்டமாம். சொந்தத் தொழிலில் வந்த நஷ்டத்தை வாடகை வரும்படியில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கழித்தால் இந்த வருஷம் வரி பூஜ்யம். கழித்து மிஞ்சிய நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷ வியாபார லாபத்திலும் கழிக்கலாம். நஷ்டத்துக்குக் காரணம் இசக்கிமுத்து. கெட்டுப்போன சரக்கு பிப்ரவரி பதினேழாம் தேதி இடக்கொச்சியில் அவருடைய தென்னந்தோப்பில் புதைக்கப்பட்டது. கடைசி வரி: 'மேற்படி ஊழியர் மீது போலீசில் புகார் செய்யப்பட்டுள்ளது.'

"பிப்ரவரிக்கு அப்புறம் உன் புருஷன் அங்கே வேலை பார்க்கலையா?"

"பார்த்தாக சார். போலீசு வந்து கூப்பிட்டதே வேலையில இருக்கையிலதான்."

"முதலாளி கோபமா இருந்தாரா?"

"ஓணத்துக்குப் புதுத்துணி குடுத்தாரே." அவள் உடுத்தியிருந்த சேலைத் தலைப்பைப் பிடித்துக் காட்டினாள். "இதுதான்."

லதீஃபா அந்தச் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். "பதினோரு டன்னை அழுக விட்டவன் வீட்டுக்கு ஓணச்சேலை. எங்க அத்தா, நான் ஒரு மண்ணெண்ணெய்ப் புட்டி உடைச்சதுக்கு ரெண்டு பெருநாளைக்குத் துணி எடுக்கலை."

சிவசங்கரன் கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். 'தங்கள் 20-9-79 தேதிக் கடிதத்துக்குப் பதில்.' போலீஸ் புகாரின் தேதி செப்டம்பர் இருபத்துநான்கு. ஏழு மாதம் சும்மா இருந்த கோபம் நாலே நாளில் பொங்கியிருக்கிறது. அந்த இருபதாம் தேதிக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவருக்குப் படிக்காமலே தெரியும். அவரே அப்படி நூறு கடிதத்துக்கு வரைவு தயாரித்திருக்கிறார். 'இவ்வளவு பெரிய நஷ்டத்துக்குக் காரணமான ஊழியர் மீது நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன?' கேள்வி வந்துவிட்டது. பதில் எழுத ஒரு நடவடிக்கை வேண்டும். அந்த நடவடிக்கைதான் இப்போது சப்-ஜெயிலில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. காகிதம் வருவதற்கு முன்பே, வக்கீல் கேட்டுக்கொண்டதால், முந்தின நாள் அவரோடு போய் சிவசங்கரன் இசக்கிமுத்துவைப் பார்த்திருந்தார். அவன் தலை நிமிராமல், ஆமாம், டீசலை விற்றேன், தூங்கினேன், என் தப்புத்தான் என்று ஒப்பித்தான். ஒப்பித்தான் என்பதுதான் சரி. ஒரு வார்த்தை முன்னே பின்னே மாறாமல் மூன்று தடவை சொன்னான்.

அதை வீரலட்சுமியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "என்கிட்டயும் அதையேதான் சொன்னாக. பொய்யி சார். ஏன் சொல்லுதாகன்னுதான் தெரியல" என்றாள்.

இந்தப் பத்து நாளில் அவளுக்கு நடந்ததை லதீஃபாதான் கேட்டு வாங்கினாள். ராசப்பனின் ஆட்கள் வந்து, அவர் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டிலிருந்து அவள் சாமான்களைத் தெருவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓட்டலில், திருடன் பெண்டாட்டி அடுக்களைக்குள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார்கள். வைத்தவளோடு அவள் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறாள். முழங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை.

சிவசங்கரன் குடையை எடுத்தார்.

---

இடக்கொச்சி பஸ்ஸில் அவர் லதீஃபாவிடம் தன் கணக்கைச் சொன்னார். பதினோரு டன் மாமிசம் அழுகிப் புதைத்திருந்தால் அந்த ஊர் ஏழு மாதத்தில் மறந்திருக்காது. யாருக்கும் நாற்றம் ஞாபகமில்லை என்றால் புதைக்கவே இல்லை. புதைக்கவில்லை என்றால் சரக்கே இல்லை. நான்கு பேரிடம் எழுதி வாங்கினால் வேலை முடிந்தது.

"பெரிய பெரிய துப்பறிவாளர் எல்லாம் ரத்தக்கறை தேடுவாங்க" என்றாள் லதீஃபா. "நாம இல்லாத நாத்தத்தைத் தேடிப் போறோம். வீட்ல கேட்டா என்ன சொல்றது?"

தோப்புக்கு எதிரே முகமது இஸ்மாயிலின் சாயாக்கடை. சிவசங்கரன் உட்கார்ந்து, பொதுவாகப் பேச்சைத் தொடங்கி, பிப்ரவரியில் இந்தப் பக்கம் ஏதாவது நாற்றம் அடித்ததா என்று கேட்டார்.

இஸ்மாயில் சாயா ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். அவர் சொன்னது நாற்றமல்ல, நரகம். இரண்டு வாரம் கடையில் ஒரு வடை விற்கவில்லை. பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப் போட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, தோப்பு வாசலிலேயே நின்று, ஏதோ எழுதிக்கொண்டு ஓடிப்போனார். ராசப்பன் முதலாளியின் லாரிதான் கொண்டு வந்து கொட்டியது. மூன்று நடை.

சிவசங்கரன் கிளாஸைக் கீழே வைத்தார். பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஊரே சாட்சி சொல்லத் தயாராக இருந்தது, ராசப்பனுக்கு.

வெளியே வந்ததும் லதீஃபா சொன்னாள்: "சாரே, குழி ஆழமாத்தான் இருக்கும். உங்க கணக்கையும் அங்கேயே புதைச்சிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாமா?"

சிவசங்கரன் தோப்பின் பக்கமே திரும்பி நின்றார். சுகாதார இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார் என்ற இடம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அந்த ஆள் பார்க்கவில்லை. யார் பார்த்தது?

தோப்பின் வேலியை ஒட்டி ஒரே ஒரு வீடு இருந்தது. தூத்துக்குடிக்காரி சீனியம்மாள் வீடு. பதினைந்து வருஷமாக இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. லாரி வந்த அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பியபோது குழி மூடியிருந்தது என்றாள். ஆனால் அரைகுறையாக மூடியிருந்தது. மறுநாளே காக்கைகள் கிளறி உள்ளே இருந்ததை வெளியே இழுத்துவிட்டன. அவள் கிணற்றில் விழுந்தது. கொடியில் காய்ந்த துணிமேல் விழுந்தது. முற்றத்தில் மிதித்து, மீசை குத்தி, உள்ளங்கால் சீழ் பிடித்து எட்டு நாள் கூலி போயிற்று; கொட்டகை ஈரத்தில் அந்தப் புண் இன்னும் வெடித்துக்கொண்டே இருந்தது.

"மீசையா?" என்றார் சிவசங்கரன்.

"எறா மீசை சார். தலையும் ஓடும். எறாத்தலை எனக்குத் தெரியாதா? தினம் அதைத்தானே பிய்க்கேன்."

"தவளை இல்லையா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எவன் சொன்னான் தவளைன்னு? மூணு லாரியும் எறாக் கழிவு. கொட்டகைக்காரன் சும்மாவே குடுப்பான். கொண்டு போனாப் போதும்னு கும்பிடுவான்."

நாற்றம் நிஜம். சரக்குதான் பொய். ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்ன சாட்சி அத்தனையும் விலைக்கு வாங்காத இறால் தலைக்கு. சிவசங்கரனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்து, அவள் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒருத்தியின் கிணற்றைக் கெடுத்தது, காலைப் புண்ணாக்கியது, எல்லாம் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதுவதற்காக.

தவளை என்றதும் சீனியம்மாளே மேலே பேசினாள். இரண்டு மழைக்காலம் அவள் தவளை வெட்டும் இடத்திலும் வேலை பார்த்திருக்கிறாள். சாக்கில் உயிரோடு வரும். இடுப்போடு ஒரே வெட்டு. பின்னங்கால் இரண்டும் ஐஸுக்குப் போகும். அதற்குத்தான் வெளிநாட்டில் விலை. முன்னங்கால் தீக்குச்சி மாதிரி இருக்கும், அதை யாரும் சீந்தமாட்டார்கள். தலையும் உடம்புமாக மிச்சத்தைக் கூடையில் தள்ளிவிடவேண்டும்.

"அந்த மிச்சம் கூடைக்குள்ள ரெண்டு கையையும் ஊணி நகரும் சார். கண்ணு முழிச்சு நம்மளையே பார்க்கும். மூணாவது வருசம் நான் போகல. சோறு எறங்கல."

லதீஃபா சிவசங்கரன் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக உருவினாள். அதன் பின்பக்கத்துப் பட்டியலை விரலால் தடவி வாசித்தாள். சரக்கின் எடையை நியாயப்படுத்த ராசப்பன் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். தவளைகள்: ஐம்பத்தையாயிரம். கால்கள்: இரண்டு லட்சத்து இருபதாயிரம். கால் ஒன்றுக்கு ஐம்பது கிராம். ஆக மொத்தம் பதினோராயிரம் கிலோ.

அவள் உதடு அசைந்து வகுத்துப் பார்த்தது.

"சாரே, ராசப்பன் சேட்டன் தவளைக்கு நாலு காலையும் வித்திருக்காரு. ஒத்தத் தவளையை வித்தவனும் இப்படி எழுதமாட்டான். இவரு மேசைக்கால் கணக்கு போட்டிருக்காரு."

சிவசங்கரன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மூன்று தடவை படித்தவர் அவர். பதினான்கு வருஷம் படித்தவர். கூட்டல் பெருக்கல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். அதற்குமுன் வரி ஆபீசில் படித்தவரும் அதையேதான் பார்த்திருக்கவேண்டும்.

சீனியம்மாள் தான் சொன்னதை எழுதிக் கொடுக்கத் தயார் என்றாள். எழுத வராது, கைநாட்டு வைக்கிறேன் என்றாள். லதீஃபா அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

---

ராசப்பனின் ஆபீஸ் ஜூ டவுனில், பழைய பித்தளைச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு மேலே. கீழே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒரு விளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே ராசப்பன் நெற்றியில் சந்தனத்தோடு, புத்தம்புது வேட்டியில், சிரித்த முகமாக எழுந்து வரவேற்றார். சாயா சொன்னார். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். பாவம் அந்த இசக்கிமுத்து, நல்லவன்தான், குடி கெடுத்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

சிவசங்கரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, தமக்குத் தவளை வியாபாரத்தைப் பற்றி எதுவும் தெரியாது, ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். ஒரு தவளையில் எத்தனை கால் கப்பலேறும்?

"அதுக்கு எத்தனை உண்டோ அத்தனையும் போகும் சாரே. நாலும்தான்."

"ரெண்டுதான் போகும்" என்றார் சிவசங்கரன். "முன்னங்காலை யாரும் வாங்கறதில்லை. இடக்கொச்சியில தவளை வெட்டின பொம்பளை ஒருத்தி சொன்னாள். உங்க தோப்புல புதைச்சது இறால் தலைன்னும் சொன்னாள். கைநாட்டும் வெச்சிருக்காள்."

சாயா வந்தது. ராசப்பன் அதைக் கொண்டு வந்தவனை வெளியே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் முகத்தில் சிவசங்கரன் எதிர்பார்த்த பயம் வரவில்லை. பரீட்சையில் ஒரு மார்க்கில் தோற்ற பையனின் சலிப்புத்தான் வந்தது.

ஊரில் யார்தான் நஷ்டம் எழுதவில்லை என்று அவர் கேட்டார். முதலில் மிளகு என்று எழுதலாமென்றுதான் நினைத்தாராம். மிளகென்றால் ஆபீசர் குடோனுக்கு வந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பான். அதனால் யோசித்து யோசித்துத் தவளையைப் பிடித்தாராம்.

"அருவருப்பான சரக்குன்னா ஒருத்தனும் பக்கத்துல வரமாட்டான் சாரே. வாசல்ல நின்னு எழுதிட்டுப் போயிருவான். அப்படியே நடந்தது." அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

லதீஃபா தன் சாயாவைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

"பொய்க் கணக்கு எழுதாம வரியைக் கட்டித் தொலைச்சிருக்கலாம்" என்றார் சிவசங்கரன். "ஒண்ணும் அறியாத ஒருத்தனை ஏன் உள்ளே தள்ளினீங்க?"

ராசப்பன் இப்போது நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஒண்ணும் அறியாதவனா? ஆரு, இசக்கியா? எறாத்தலை லாரியில கொண்டு போனதே அவன்தானே. குழி வெட்டினதும் அவன்தான். ஆபீசர் கடிதம் வந்தப்ப அவனைக் கூப்பிட்டு, இந்தக் கசேரையிலதான் உட்காரச் சொல்லி, கேட்டேன். மூணு மாசம் உள்ளே இரு. வந்தா உன்னை சூப்பர்வைசர் ஆக்கறேன், அஞ்சு குடோன் சாவியும் உன் கையில. ஒரு ராத்திரி யோசிச்சான். காலையில வந்து சம்மதம்னு சொன்னான். நான் ஆரையும் தள்ளலை சாரே."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். டீசல் விற்றது, தூங்கியது என்று இசக்கிமுத்து எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். ஜெயிலில் அவன் ஒப்பித்த அதே வார்த்தைகள்.

சிவசங்கரன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கைக் காயத்தோடு மாடியேறி வந்து, பொய் சார், ஏன் சொல்லுதாகன்னுதான் தெரியல என்று சொன்னவள் ஞாபகம் வந்தாள். எழுந்து நேராக வரி ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமென்று கால் துடித்தது. போனால் ராசப்பன் மாட்டுவார். கூடவே, குழி வெட்டியவனும் பொய்க் கடிதம் எழுதியவனுமாக இசக்கிமுத்துவும் மாட்டுவான். அப்போது வழக்கு நிஜமாக இருக்கும். ராசப்பனுக்கு நாலு வக்கீல் வருவார்கள். அவனுக்கு அந்த இலவச வக்கீல்கூட நிற்கமாட்டார்.

இந்த ஆளோடு பேரம் பேசித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்கு அருவருப்பாக இருந்தது. பேசினார். உங்கள் கணக்கை ஆபீசர் முடித்து உத்தரவு போடவில்லை. அதற்குள் வருமானக் கணக்கைத் திருத்தி வேறு ரிட்டர்ன் போட இடமிருக்கிறது. திங்கட்கிழமை, தவளைக்கால் நஷ்டம் என்ற வரியே இல்லாமல் திருத்திய ரிட்டர்ன் போகவேண்டும். அதன் நகல் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். நஷ்டம் இல்லையென்றால் அழுகிய சரக்கு இல்லை. சரக்கு இல்லையென்றால் குற்றமும் இல்லை. புகாரை நீங்களே வாபஸ் வாங்குகிறீர்கள். சீனியம்மாளின் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து கொடுக்கிறீர்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை அந்தக் கைநாட்டு வரி ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் இருக்கும்.

ராசப்பன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். வரி, வட்டி, அபராதம். ஜெயிலைவிட மலிவு என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் வியாபாரி, கடைசியாக ஒன்று கேட்டார். மொத்த நஷ்டத்தையும் எடுக்கத்தான் வேண்டுமா, ஒரு பாதி நின்றால் என்ன?

"ரெண்டு காலை மட்டும் குறைச்சாப் போதாதான்னு கேக்கறாரு சாரே" என்றாள் லதீஃபா.

---

வீரலட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார் சிவசங்கரன். சப்-ஜெயில் வாசலில் அவள் அவர் முகத்தைப் பார்த்ததும், என்ன சார் என்று கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் கேட்டு முடித்ததும் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

இசக்கிமுத்து கம்பிக்குப் பின்னால் வந்து நின்றான். திங்கட்கிழமை ரிட்டர்ன் மாறுகிறது, வழக்கு முடிகிறது என்று சிவசங்கரன் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. விடுதலைச் செய்தி கேட்டு முகம் விழுந்த ஒருவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அவன் மனைவியிடம்தான் பேசினான். மூன்று மாதம்தானே. சூப்பர்வைசர் வேலை. லைன் வீட்டுக்கு இனி வாடகை கிடையாது. சாமானை வெளியே வைத்ததும் பார்வைக்குத்தான், முதலாளி திருப்பித் தந்துவிடுவார். எல்லாம் நம் இரண்டு பேருக்காகத்தானே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் வீரலட்சுமி.

"உன்கிட்ட சொல்லவேண்டாம்னு முதலாளி சொன்னாரு, வீரா. சொன்னா உனக்கு அழுகை வராதாம். நீ அழுது அடிச்சுக்கிட்டு ஓடுனாத்தான் நாலு பேரு நம்புவாங்களாம்."

காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். லதீஃபா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீரலட்சுமி கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். முழங்கைக் காயத்தை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"நீங்க உள்ள இருந்தது பொய்யி" என்றாள். "நான் வெளிய இருந்தது நெசம்."

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. சிவசங்கரன் பின்னால் போய், எங்கே போவாய் என்று கேட்டார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். லதீஃபாதான் அவள் கூடையை வாங்கிக்கொண்டு இடக்கொச்சி பஸ்ஸில் ஏற்றி, சீனியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் அவள் இறால் கொட்டகையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அந்த ஓணச்சேலையைக் கிழித்துச் சீனியம்மாளின் காலுக்குக் கட்டுத்துணி ஆக்கிவிட்டாளாம்.

திங்கட்கிழமை திருத்திய ரிட்டர்ன் போயிற்று. புதன்கிழமை கிணறு இறைத்தார்கள். வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் அனுமதியோடு வழக்கு முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு இசக்கிமுத்து வெளியே வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் சிவசங்கரனும் லதீஃபாவும் மட்டும் நின்றார்கள். வீரலட்சுமி எங்கே என்று அவன் கேட்டால் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் வந்ததே.

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"முதலாளி வரலியா சார்?"

சிவசங்கரன் குடையை விரித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"வரமாட்டாரு" என்றாள் லதீஃபா. "நஷ்டத்தை எடுத்தாச்சு. புது ரிட்டர்ன்ல உங்க பேரே இல்லை. நீங்க அவருகிட்ட வேலை பார்த்த ஆளான்னுகூட இனி அவருக்குத் தெரியாது."

பிறகு, கேட்காவிட்டாலும், வீரலட்சுமி இருக்கும் இடத்தைச் சொன்னாள். எதிரே நிற்கும் பஸ் இடக்கொச்சிக்குத்தான் போகிறது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவான் என்றாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டான்.

பஸ் கண்டக்டர் மணியடித்தார். இசக்கிமுத்து அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தெருவைக் கடந்து, பஸ்ஸுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, ஜூ டவுன் பக்கமாக வேகமாக நடந்தான்.